வெள்ளை இலைக்கு விலை போட முன்

எங்கட வீட்டு முன்வாசல் தூணில் ஒரு மணி பிளான்ட் ஏறி நிற்கிறது. சுனாமிக்குப் பிறகு வீட்டைத் திருத்திக் கட்டின வருஷம், மாமி வீட்டிலிருந்து ஒரு முழக் கொப்பைக் கொண்டுவந்து ஹோர்லிக்ஸ் போத்தலில் தண்ணி ஊத்தி வைத்தாவாம் உம்மா. போத்தலிலிருந்து சட்டிக்கு, சட்டியிலிருந்து தூணுக்கு. அக்கரைப்பற்றில் இந்தக் கொடி இல்லாத வீடு குறைவு. முந்தியெல்லாம் யாரும் இதைக் காசு குடுத்து வாங்கினதாக நான் கேள்விப்பட்டதில்லை. கேட்டால் முறிச்சுக் குடுப்பாங்க, அவ்வளவுதான்.

போன வருஷம் மாரி முடிஞ்ச கையோட அந்தக் கொடியில் ஒரு புது இலை வந்தது. நடு நரம்புக்கு ஒரு பக்கம் வழக்கமான பச்சை. மறுபக்கம் பால் வெள்ளை. கத்தியால் கோடு கிழித்த மாதிரிப் பிரிந்து நின்றது.

உம்மா பார்த்த உடனே சொன்னா: "நாவூறு பட்டிரிக்கு மனே, வெட்டிப் போடு."

சாச்சி சொன்னா: "சத்துக் காணாது. கொஞ்சம் யூரியா போட்டுப் பாரு."

வட்ஸ்அப்பில் படம் பார்த்த மச்சான் ஓடி வந்தான்: "டேய், கை வெச்சிராத! இது வெரிகேட்டட். ஐயாயிரத்துக்கு ஆள் இரிக்கி."

ஒரே இலைக்கு மூன்று தீர்ப்பு. மூன்று பேரும் அந்த இலையைப் பார்த்த நேரத்தைக் கூட்டினால் ஒரு நிமிஷம் வராது. நானும் உத்தமன் இல்லை. படம் எடுத்துப் போட்டுவிட்டு எத்தனை லைக் வந்திருக்கு என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இதுதான்: வித்தியாசமான ஒரு இலையைக் கண்டால் நமக்குத் தெரிந்த வேலை இரண்டே இரண்டு. ஒன்று வெட்டுவது, மற்றது விற்பது. இரண்டுக்கும் நடுவில் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கு. அது பார்ப்பது. ஒரு நாள் பார்ப்பதில்லை, மாதக்கணக்கில் பார்ப்பது. அதைச் செய்யாததால் நமக்கு வரும் நட்டம் சின்னது இல்லை. அதை நான் ஒரு பாத்தி வெண்டியில் படித்தேன். அந்தக் கதைக்குப் பிறகு வாறேன்.

முதல் ஒரு சொல்லை எடுப்போம். நம்மட உயர்தர உயிரியல் புத்தகத்தில் இந்த மாதிரி மாற்றத்துக்கு என்ன பெயர்? விகாரம். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் சடுதி மாற்றம் என்று படிப்பாங்க. நாம் விகாரம் என்று படிக்கிறோம். பேச்சில் அந்தச் சொல்லுக்கு அலங்கோலம், அசிங்கம் என்றுதான் அர்த்தம். அதனால் பரீட்சைக்கு வரைவிலக்கணம் பாடமாக்கின பிள்ளைக்குக்கூட, விகாரம் என்றால் ஏதோ கெட்டுப்போன சாமான் என்ற நினைப்புத்தான் மனதில் நிற்கும்.

ஆனால் அதே பிள்ளை தமிழ்ப் பாடத்தில் இன்னொரு விகாரத்தைப் படித்திருக்கும். விகாரப் புணர்ச்சி. இரண்டு சொல் சேரும்போது நடக்கும் மாற்றம் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல். ஒரு எழுத்துப் புதிதாக வரும், ஒரு எழுத்து வேறொன்றாக மாறும், ஒரு எழுத்து இல்லாமல் போகும். அங்கே விகாரம் என்றால் வெறும் மாற்றம். அசிங்கம் ஒன்றும் இல்லை. பரம்பரையலகில் நடப்பதும் கிட்டத்தட்ட இதேதான். டி.என்.ஏ.யில் எழுத்து வரிசை இருக்கு. கலம் பிரியும்போது அதைப் படியெடுக்க வேண்டும். படியெடுக்கும்போது ஒரு எழுத்துக் கூடலாம், மாறலாம், விடுபடலாம். தமிழ் ஆசிரியரும் உயிரியல் ஆசிரியரும் ஒரே பாடசாலையில் அடுத்தடுத்த வகுப்பில் நின்று இதைப் படிப்பிக்கிறாங்க. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துச் சொல்ல எனக்கு ஒருத்தரும் வாய்க்கவில்லை.

இப்ப மணி பிளான்டுக்கு வருவோம். இந்தக் கொடியின் சொந்த ஊர் பசிபிக் சமுத்திரத்தில் இருக்கும் மூரியா என்ற தீவு. இன்றைக்குப் பிரெஞ்சு பொலினீசியாவுக்குள் வரும் இடம். அங்கிருந்து உலகம் முழுக்கப் போனது. ஆனால் உங்கட வீட்டு மணி பிளான்ட் பூத்து நீங்கள் எப்பவாவது கண்டிருக்கிறீங்களா? கண்டிருக்க மாட்டீங்க. 1964க்குப் பிறகு அது தானாகப் பூத்ததாக அறியப்படவில்லை. காரணத்தை 2016இல் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தாங்க. ஜிபரலின் என்ற வளர்ச்சி ஓமோனைச் செய்யும் ஒரு பரம்பரையலகு அந்தச் செடியில் ஒழுங்காக வேலை செய்வதில்லை. அந்த ஓமோனை வெளியிலிருந்து தெளித்தபோது பூத்தது.

பூ இல்லை என்றால் விதை இல்லை. விதை இல்லை என்றால் இரண்டு செடி சேர்ந்து ஒரு புதுப் பிள்ளை பிறக்க வழியில்லை. அப்படியானால் கடையில் இருக்கும் இத்தனை வகை மணி பிளான்டும் எங்கே இருந்து வந்தது? வெள்ளைச் சலவைக்கல் மாதிரி இருக்கும் மார்பிள் குயின், எலுமிச்சை நிறத்தில் இருக்கும் நியோன், அமெரிக்காவின் புளோரிடாப் பல்கலைக்கழகம் மார்பிள் குயினிலிருந்து எடுத்த பேர்ள்ஸ் அண்ட் ஜேட். இதெல்லாம் கொப்பில் வந்த விகாரங்கள். எங்கேயோ ஒரு கொடியில், ஒரு கணுவில், ஒரு கலத்தில் ஒரு எழுத்துத் தவறியது. யாரோ அதை வெட்டிப் போடாமல் பார்த்துக்கொண்டு இருந்தாங்க. அவ்வளவுதான் வரலாறு.

அந்தக் கலத்தில் என்னதான் நடக்குது? இலை பச்சையாக இருப்பது பச்சையவுருமணிகளால். அவற்றைச் செய்கிற பரம்பரையலகில் ஒன்று பழுதானால் அந்தக் கலம் வெளிறிப்போகும். அதிலிருந்து பிறக்கும் எல்லாக் கலமும் வெளிறித்தான் இருக்கும். செடியின் வளரும் நுனியில் கலங்கள் படை படையாக இருக்கு, வெங்காயத் தோல் மாதிரி. ஒரு படை முழுக்க வெள்ளையாகி மற்றப் படை பச்சையாகவே இருந்தால் ஓரம் வெள்ளை, நடு பச்சை என்று ஒழுங்கான இலை வரும். ஒரு பக்கத்துக் கலங்கள் மட்டும் வெள்ளையானால் என்ட கொடியில் வந்தது மாதிரிப் பாதி பாதியாக வரும். ஒரே உடம்பில் இரண்டு வகைக் கலம். இதற்குப் பெயர் கைமேரா.

இதை நீங்களே வீட்டில் சோதிக்கலாம். மாமியார் நாக்கு என்று சொல்லும் செடி இருக்கே, வாள் மாதிரி நீட்டு இலை, இரண்டு ஓரத்திலும் மஞ்சள் கரை. அதன் ஒரு இலையைத் துண்டு துண்டாக வெட்டி மணலில் ஊன்றுங்க. சில மாதம் பொறுக்க வேண்டும். புதுக் கன்று முளைத்து வரும். ஆனால் மஞ்சள் கரை இருக்காது. முழுக்கப் பச்சை. புதுக் கன்று இலையின் உள்படையிலிருந்து பிறப்பதால் வெளிப்படையின் மஞ்சள் அதற்குப் போய்ச் சேராது. கரையோடு வேண்டும் என்றால் கிழங்கோடு பிரித்துத்தான் நட வேண்டும். எங்கட மூத்தம்மாவுக்குப் பிரியிழையம் என்ற சொல் தெரியாது. ஆனால் "இதை இலையால வெக்கக் கூடாது, அடியோட புடுங்கி வெக்கணும்" என்று சொல்லியிருக்கா. அவ எப்பவோ பார்த்து வைத்திருக்கா.

என்ட கொடிக்கு நான் ஒரு சீ.ஆர். கொப்பி போட்டேன். மச்சானுக்கு ஒரு சாட்டுச் சொல்லி ஆறு மாதம் தவணை வாங்கினேன். முதல் மாதத்திலேயே ஒன்றைக் கண்டேன். அடுத்த இலை எப்படி வரும் என்பதைத் தண்டு முன்கூட்டியே சொல்லுது. தண்டில் ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. அந்தக் கோடு எந்தக் கணுவின் மொட்டுக்குக் கீழால் போகுதோ அந்த மொட்டில் வெள்ளை வரும். கோடு மறுபக்கத்தால் போனால் இலை பச்சையாகவே வரும். இதைப் பார்க்க நுணுக்குக்காட்டி ஒன்றும் தேவையில்லை. காலையில் பிளேன்டி குடிக்கிற நேரம் போதும்.

இரண்டாம் மாதம் மூன்று துண்டு வெட்டினேன். முழுப் பச்சைத் தண்டு ஒன்று, பாதிக் கோடு போட்ட தண்டு ஒன்று, முழுக்க வெள்ளையாக வந்த கிளைத் தண்டு ஒன்று. மூன்று போத்தல். பச்சை வேர்விட்டுப் பச்சையாகவே வளர்ந்தது. கோடு போட்டது தெளித்த மாதிரி இலைவிட்டது. முழு வெள்ளைதான் பார்க்க அழகு. மச்சான் அதன் படத்தை எத்தனை பேருக்கு அனுப்பினான் என்று கணக்கில்லை. அது மூன்று இலைவிட்டது. நாலாவது இலை விரிய முன் கருகத் தொடங்கியது. பச்சையம் இல்லாத இலைக்குச் சோறாக்கத் தெரியாது. தாய்க்கொடியில் இருந்தவரைக்கும் பச்சை இலைகள் ஆக்கினதில் அதுக்கும் பங்கு கிடைத்தது. தனியாக வைத்தவுடன் தண்டில் இருந்த கையிருப்பு முடிந்தது, செடியும் முடிந்தது. அதை ஐயாயிரத்துக்கு வாங்கியிருந்தால் வாங்கினவர் தன்ட கையில்தான் ராசி இல்லை என்று நினைத்திருப்பார்.

இந்தப் பார்க்கிற வேலையைச் சில நாடுகளில் ஆட்கள் உயிரைக் குடுத்துச் செய்கிறாங்க. ஹொஸ்டா என்று ஒரு செடி. சீனா, ஜப்பான், கொரியாப் பக்கத்துச் செடி. குளிர்காலம் வந்து உறங்கி எழும்ப வேண்டும் என்பதால் நம்மட கரையோர வெயிலுக்குச் சரிவராது. பூவுக்காக இல்லை, இலைக்காகத்தான் அதை வளர்க்கிறாங்க. 1936இல் அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து நேர்சரி ஒன்றில், வரிசையாக நின்ற ஒரே மாதிரி ஹொஸ்டாக்களுக்குள் ஒன்றின் இலை ஓரம் மட்டும் மஞ்சளாக இருப்பதை ஒரு பெண் கண்டார். அவர் பெயர் பிரான்சிஸ் வில்லியம்ஸ். அதை வாங்கிக்கொண்டு போய் வளர்த்தார். இன்றைக்கு அவர் பெயரிலேயே உலகம் முழுக்க விற்கப்படும் ஹொஸ்டா அது. அவர் புதிதாக ஒன்றும் உண்டாக்கவில்லை. வரிசையைப் பார்த்தார், வித்தியாசத்தைக் கண்டார், விடாமல் வளர்த்தார்.

ஆனால் அதே ஹொஸ்டா ஆட்களுக்குப் பின்னால் ஒரு அடி விழுந்தது. 1996இல் அமெரிக்காவில் ஹொஸ்டாவில் ஒரு புது வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. நோய் பிடித்த இலையில் நரம்பு வழியாக நிறம் கசிந்து, திட்டுத் திட்டாக, பார்க்க ஒரு மாதிரி அழகாக இருக்கும். அதைக் காணமுன் என்ன நடந்திருந்தது? அந்தத் திட்டுகளைப் புது விகாரம் என்று நினைத்து, பிரேக்அவுட், லெப்பேர்ட் ஃபுரொக் என்றெல்லாம் பெயர் வைத்து விற்றிருந்தாங்க. வெட்டின கத்தியிலும் கையிலும் பட்ட சாறு வழியாக அது செடிக்குச் செடி போனது. ஆசைப்பட்டு வாங்கினவங்க காசு குடுத்து நோயைத் தன் தோட்டத்துக்குள் கூட்டிக்கொண்டு வந்தாங்க.

இது புதுக் கதையும் இல்லை. 1637இல் ஒல்லாந்தில் துலிப் கிழங்கு விலை ஏறி விழுந்த கதையைப் பொருளியல் படிக்கிற ஆட்கள் கேட்டிருப்பீங்க. அப்ப ஆகக்கூடின விலைக்குப் போனவற்றில் பல, தீச்சுவாலை மாதிரிக் கோடு விழுந்த பூக்கள். அந்தக் கோட்டைப் போட்டது ஒரு வைரஸ் என்பது கிட்டத்தட்ட மூன்று நூற்றாண்டு கழித்து, 1928இல்தான் தெரியவந்தது.

இப்ப என்ட வெண்டிக் கதை. மணி பிளான்ட் கொப்பி போடுவதற்கு முதல் வருஷம் நடந்தது. பின்வளவில் உம்மா பத்துப் பதினைந்து வெண்டி போட்டிருந்தா. அதில் இரண்டு கன்றில் இலை நரம்பெல்லாம் மஞ்சளாகி, பச்சைத் துணியில் மஞ்சள் நூலால் வலை பின்னின மாதிரி வந்தது. உம்மா புடுங்கச் சொன்னா. நான்தான் விடவில்லை. வெயில் பின்னால் இருந்து பட்டால் அந்த வலை மின்னும். வீடியோ எடுத்தேன். "எங்கள் வீட்டு அதிசய வெண்டி" என்று தலைப்புப் போட்டேன். நல்லா ஓடினது.

பக்கத்து வளவில் ஒரு சாச்சா இருக்கார். இரண்டு நீள வரிசை வெண்டி போட்டு, காலையில் பறித்துச் சந்தைக்குக் குடுத்து, அந்தக் காசில் வீட்டுச் செலவு பார்ப்பவர். என்ட வீடியோ ஓடி முடிய, அவருடைய வரிசையிலும் மஞ்சள் வலை வந்தது. முதல் ஓரத்தில் நாலு கன்று. பிறகு பாதி வரிசை. காய் சிறுத்து, மஞ்சளாகி, முற்றின மாதிரிக் கட்டையாக வந்தது. சந்தையில் எடுக்க மாட்டன் என்றுவிட்டாங்க. அவர் என்னிடம் ஒரே ஒரு சொல்தான் கேட்டார்: "மனே, அந்த ரெண்டு கண்டையும் ஏன் வெச்சிருந்த?"

அது வெண்டியில் வரும் மஞ்சள் நரம்புத் தேமல். வைரஸ் நோய். வெண் ஈ என்ற பொட்டு அளவுப் பூச்சி ஒரு இலையில் உறிஞ்சி அடுத்த இலைக்குக் கொண்டுபோகும். என்ட கன்றிலிருந்துதான் அவருக்குப் போனது என்று யாரும் நிரூபிக்க முடியாது. வெண் ஈ எங்கே இருந்தும் வரும். ஆனால் நான் இரண்டு கன்றை வாரக்கணக்கில் வேண்டுமென்று வைத்திருந்தேன் என்பது உண்மை. அன்றைக்கு எனக்குப் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை.

மரவள்ளியில் வரும் தேமலுக்குக் காரணமான வைரஸ்களில் ஒன்றுக்கு நம்மட நாட்டின் பெயரே இருக்கு: இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸ். 2015இல் அது கம்போடியாவில் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு வியட்நாம், தாய்லாந்து, சீனா என்று பரவியது. வெண் ஈயும் பரப்புது, நடுவதற்கு என்று ஆட்கள் கொண்டுபோகும் மரவள்ளித் தடியும் பரப்புது. கொப்பு முறித்துக் குடுப்பது நம்மட ஊரின் நல்ல பழக்கம். அதை நான் குறை சொல்லவில்லை. கொப்போடு சேர்த்து வேறு எதையும் குடுக்காமல் இருக்கப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

அப்ப விகாரத்தையும் நோயையும் எப்படிப் பிரிப்பது? ஒரே பார்வையில் முடியாது. அதனால்தான் மாதக்கணக்கு என்று முதலே சொன்னேன். ஆனால் பார்க்கத் தெரிந்தால் அடையாளங்கள் இருக்கு.

விகாரம் பெரும்பாலும் ஒரு கொப்பில் தொடங்கி அந்தக் கொப்போடு ஓடும். நிறம் மாறுகிற எல்லை தெளிவாக இருக்கும். தண்டிலும் அதன் கோடு தெரியலாம். இலை சுருளாது, பக்கத்துச் செடிக்குத் தொற்றாது. வைரஸ் அப்படி இல்லை. நரம்பு வழியாகவோ திட்டுத் திட்டாகவோ எல்லை இல்லாமல் கசியும், புது இலைகள் எல்லாவற்றிலும் வரும், இலை சுருங்கும், செடி குட்டையாகும், சில கிழமையில் பக்கத்துக் கன்றும் அதே கோலம் போடும். சத்துக் குறைபாடு மூன்றாவது. இரும்புச்சத்துக் காணாவிட்டால் இளம் இலையில் நரம்பு பச்சையாக இருக்க இடைவெளி மஞ்சளாகும். மக்னீசியம் காணாவிட்டால் அதே மாதிரி முதிர்ந்த இலையில் தொடங்கும். இரண்டிலும் இலையின் இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், பசளை குடுத்தால் அடுத்தடுத்த இலை தேறும். சாச்சி சொன்ன யூரியா தப்பான யோசனை இல்லை. என்ட இலைக்குப் பொருந்தாத யோசனை.

சந்தேகம் என்றால் ஒரே வழி: அந்தச் செடியைத் தனிச் சட்டியில், மரக்கறிப் பாத்திக்குத் தூரத்தில் வையுங்க. அதை வெட்டின கத்தியால் மற்றதை வெட்டாதீங்க. மற்றக் கன்றுகளும் அதே கோலம் போடத் தொடங்கினால் அழகைப் பார்க்காமல் புடுங்குங்க. வெண்டியிலோ மரவள்ளியிலோ மஞ்சள் வலை என்றால் காத்திருக்கவே வேண்டாம்.

இனி விற்பனைக்கு வாறேன். இங்கேதான் சிலருக்கு என்மேல் கோபம் வரும்.

கொரோனாக் காலத்தில் எல்லோரும் வீட்டுக்குள் இருந்தபோது பூக்கன்று ஆசை ஊரெல்லாம் பிடித்தது. நம்மட பக்கத்தில் எத்தனையோ ராத்தாமார் வீட்டு முற்றத்தில் இருந்தே கன்று வைத்து விற்று, பிள்ளைகளின் வகுப்புக் காசைக் கட்டினாங்க. இப்பவும் கட்டுறாங்க. அது நல்ல தொழில். அழகான ஒரு செடிக்கு ஆசைப்பட்டு ஒருத்தர் காசு குடுப்பதிலும் பிழை இல்லை. நாள்பட வளர்த்து, பிரித்து, வேர்விட வைத்துக் குடுப்பவரின் உழைப்புக்கு விலை இருக்கத்தான் வேண்டும்.

என்ட பிரச்சினை தெரியாததைத் தெரிந்த மாதிரி விற்பது. சில வருஷத்துக்கு முன் பிங்க் கொங்கோ என்று ஒரு பிலோடென்ட்ரன் உலகச் சந்தையைக் கலக்கினது. ரோசா நிற இலை. வாங்கிக்கொண்டு போனவங்க வீட்டில் சில மாதம் போக, புது இலையெல்லாம் பச்சையாக வந்தது. அது விகாரமே இல்லை. வெளியிலிருந்து செய்து ஏற்றின நிறம். நானும் ஒரு முறை ஆன்லைனில் "அரிய வகை" என்று ஒன்று வாங்கினேன். மூன்று மாதத்தில் அது எங்கட தூணில் இருக்கிற அதே பச்சைக் கொடியாகப் போனது. விற்றவருக்கு மெசேஜ் போட்டேன். நீலக் கோடு விழுந்தது, பதில் வரவில்லை. அவர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். பச்சைக் கொப்பு வெள்ளைக் கொப்பை விட வேகமாக வளரும். வெட்டிவிடாவிட்டால் கொஞ்ச நாளில் கொடி முழுக்கப் பச்சையாகிவிடும். அதை அவர் அறிந்திருக்கவும் மாட்டார். அவரும் ஒரு படத்தைப் பார்த்து வாங்கி, படத்தைப் போட்டு விற்றவர்தான்.

அதனால் விற்கிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மூன்று விஷயத்தை எழுதிக் குடுங்க. இந்த நிறத்தை எத்தனை மாதமாகப் பார்த்து வாறீங்க? இதிலிருந்து வெட்டின துண்டிலும் அதே நிறம் வந்ததா? பச்சையாகத் திரும்பினால் எதை வெட்ட வேண்டும்? வாங்குகிற நண்பர்கள் இந்த மூன்றையும் கேளுங்க. பதில் இல்லை என்றால் அது வெறும் படம். படத்துக்கு ஐயாயிரம் குடுக்க வேண்டாம்.

ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 1909இல் ஜேர்மனியைச் சேர்ந்த கார்ல் கொரன்ஸ் என்ற தாவரவியலாளர் ஒரு விஷயத்தை வெளியிட்டார். அவர் வைத்துச் சோதித்த செடி எது தெரியுமா? அந்திமந்தாரை. நம்மட கிணற்றடியில் பின்னேரம் பூக்கிற அதே செடி. அதில் வெள்ளையும் பச்சையும் கலந்த இலையுள்ள ஒரு வகை. ஒரே செடியில் சில கொப்புப் பச்சை, சில வெள்ளை, சில கலப்பு. பச்சைக் கொப்பில் வந்த விதை பச்சையாக முளைத்தது. வெள்ளைக் கொப்பின் விதை வெள்ளையாக முளைத்துச் செத்தது. கலப்புக் கொப்பில் மூன்று வகையும் வந்தது. மகரந்தம் எங்கே இருந்து வந்தாலும் முடிவு மாறவில்லை. தாய்க்கொப்பு எதுவோ அதுதான் பிள்ளை. பச்சையவுருமணி தாய் வழியாகத்தான் போகுது என்ற பெரிய பாடத்துக்கு அது ஒரு தொடக்கம். நூறு வருஷத்துக்கு மேலாகியும் நாம் அதைக் கரும்பலகையில்தான் வரைந்துகொண்டிருக்கிறோம். செடி வெளியில் மதிலோரம் நிற்குது.

கடைசியாக, "இலையைப் பார்த்து என்ன வரப்போகுது? சோறு வருமா?" என்று கேட்பவர்களுக்கு. வரும். வந்தும் இருக்கு. எங்கட மூத்தவாப்பா எச் 4 நெல் விதைத்த காலத்தைச் சொல்லுவார். உயர்ந்த நெல். பசளை கூடப் போட்டால் உயரமும் கூடும், கதிர் பாரத்துக்கும் காற்றுக்கும் தாங்காமல் வயலோடு படுத்துவிடும். பிறகு குட்டை நெல் வந்தது. 1966இல் பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஐ.ஆர். 8, தாய்வான் பக்கத்துக் குட்டை நெல் ஒன்றையும் இந்தோனேசியாவின் உயர்ந்த நெல் ஒன்றையும் சேர்த்து எடுத்தது. அந்தக் குட்டைக்குக் காரணம் ஒரு விகாரம். ஒரு பரம்பரையலகில் 383 எழுத்து விடுபட்டுப்போனது. எந்த ஓமோன் குறைந்தது தெரியுமா? மணி பிளான்டைப் பூக்கவிடாமல் செய்த அதே ஜிபரலின். ஓமோன் குறைந்ததால் தாள் குட்டையானது, குட்டையானதால் பாரம் தாங்கியது, தாங்கினதால் விளைச்சல் கூடியது. இலக்கணத்தில் சொன்னால் அது கெடுதல் விகாரம். ஆசியாவின் எத்தனையோ கோடி வயிற்றை நிரப்பின கெடுதல்.

உயர்ந்த நெல்லுக்குள் குட்டையாக ஒன்று நின்றபோது யாரோ ஒரு விவசாயி அதைக் களை என்று புடுங்காமல் விட்டிருக்க வேண்டும். அவர் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

நம்மட தூணில் இருந்து அடுத்த ஐ.ஆர். 8 வரப்போவதில்லை. ஆனால் பார்க்கிற பழக்கம் தூணில் தொடங்கினால் வயலுக்கும் போகும். புடுங்க வேண்டியதை நேரத்துக்குப் புடுங்கவும், வைக்க வேண்டியதைப் பொறுத்து வைக்கவும் அந்தப் பழக்கம் வேண்டும். என்னிடம் அது இருந்திருந்தால் சாச்சாவின் ஒரு போக வெண்டி தப்பியிருக்கலாம்.

கோடு போட்ட கொப்பிலிருந்து வந்த கன்றில் இப்ப பதினொரு இலை. ஒன்று முழுப் பச்சையாக வந்ததால் அந்த முனையை வெட்டிவிட்டேன். மச்சானுக்கு விற்கவில்லை. அதிலிருந்து வெட்டின முதல் துண்டைச் சாச்சாவின் மகளுக்குக் குடுத்தேன். எந்தத் திகதி, எந்தக் கணு, எப்படிப் பார்க்க வேண்டும் என்று ஒரு துண்டில் எழுதிப் போத்தலில் ஒட்டிக் குடுத்தேன். அவ உயர்தரத்தில் உயிரியல் எடுத்திருக்கா.

உம்மா இப்ப நாவூறு என்று சொல்வதில்லை. காலையில் முற்றம் கூட்டும்போது தூணடியில் கொஞ்சம் நின்று பார்ப்பா. பிறகு உள்ளுக்குப் பார்த்துக் குரல் குடுப்பா: "மனே, புது இலை ஒண்டு விரிஞ்சிரிக்கு. எழுதினியா?"